லேக்குப் பைய போங்கள்: மார்த்தாண்டத்திலிருந்து பனிச்சிறுத்தை நாட்டுக்கு

எங்கள் பக்கத்தில் ஒருவரை ‘லே’ என்று கூப்பிட்டால், ஒன்று அவர் கூடப் படித்தவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் நாம் சண்டைக்குத் துணிந்திருக்க வேண்டும். அதனால் “மயினி, அடுத்த மாசம் லேக்குப் போறேன்” என்று சொன்னபோது அண்ணன் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அது லடாக்கில் உள்ள ஊர்ப் பெயர் என்று விளக்கி முடிப்பதற்குள் சாயா ஆறிப்போனது. அங்கே போய்ப் பார்த்தால் விஷயம் தலைகீழ். லடாக்கி மொழியில் பெயருக்குப் பின்னால் ‘லே’ சேர்ப்பது மரியாதை. அம்மா வயதுப் பெண்ணை ‘அமா-லே’ என்பார்கள், அண்ணன் வயது ஆளை ‘அச்சோ-லே’ என்பார்கள். வணக்கம், நன்றி, போய் வருகிறேன் எல்லாவற்றுக்கும் ‘ஜூலே’. இந்த மூன்றையும் மனப்பாடம் செய்துவிட்டால் பாதி மொழி தெரிந்த மாதிரி.

நான் தேனீ வளர்ப்பவன். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டங்களில் பெட்டி வைத்துத் தேன் எடுப்பது தொழில். பறவை பார்ப்பது அதோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். மூன்று முறை லடாக் போயிருக்கிறேன். ஒரு முறை உடம்பைக் கெடுத்துக்கொண்டேன், இரண்டு முறை ஒழுங்காகப் போய் வந்தேன். கடற்கரையில் பிறந்து வளர்ந்த நாம் அங்கே விலங்கு பார்க்க எப்படிப் போவது என்று ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

லடாக்குக்கு முன்னால் ஒரு டிசம்பரில் கூந்தன்குளம் போய் வாருங்கள். நாகர்கோவிலிலிருந்து நாங்குநேரி வழியாகப் போனால் காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. குளத்தில் சாம்பல் நிற வாத்துக் கூட்டம் ஒன்று இருக்கும். வெள்ளைத் தலை, பின்மண்டையில் இரண்டு கறுப்புக் கோடுகள். அதுதான் வரித்தலை வாத்து. லடாக், திபெத், மங்கோலியா பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இமயமலையைத் தாண்டித் தெற்கே வருகிற பறவை. கருவி கட்டிவிட்டுப் பார்த்ததில் 7,000 மீட்டருக்கு மேலே பறந்தது பதிவாகியிருக்கிறது. மெலிந்த காற்றிலிருந்தும் ஆக்சிஜனை இழுத்துப் பிடித்துக்கொள்கிற ரத்தம் அதற்கு. நமக்கு அப்படிப்பட்ட ரத்தம் கிடையாது. இதை மறந்துவிட்டுத்தான் முதல் தடவை கிளம்பினேன்.

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, டெல்லியில் இரவைக் கழித்து, மறுநாள் காலை லேயில் இறங்கினேன். லே நகரம் இருப்பது ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில். நம் பக்கத்து மகேந்திரகிரி 1,645 மீட்டர்தான். ஒரே நாளில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியாயிற்று. அங்கே காற்றின் அழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இறங்கியதும் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அங்கேதான் ஏமாந்துவிடுவோம். உடம்பு தன் கணக்கைச் சொல்லப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். பயணம் ஏற்பாடு செய்தவர், “ரெண்டு நாள் சும்மா கிடந்தா காசு வீண் சார்” என்று மறுநாளே கர்துங் லா கணவாய்க்கு வண்டி போட்டிருந்தார். அது 5,359 மீட்டர். மேலே நின்று போட்டோ எடுத்தது ஓர்மை இருக்கிறது. இறங்கும்போது மண்டைக்குள் யாரோ தேனீப்பெட்டியைக் கவிழ்த்துவிட்டது போல இரைச்சல். இரண்டு முறை வாந்தி. ஷூ லேஸைக் கட்ட விரல் ஒத்துழைக்கவில்லை. அன்று இரவு மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தேன். விலங்கு என்று அந்தப் பயணத்தில் பார்த்தது தெரு நாய்களைத்தான்.

சரி, எப்படிப் போக வேண்டும்? “பைய போ மக்கா” என்று நம் ஆச்சிமார் சொல்வார்களே, அந்தப் ‘பைய’தான் வழி. விமானத்தில் போனால் முதல் இரண்டு நாளும் லேயில் கட்டில், கழிப்பறை, ஜன்னல், இந்த மூன்றுக்கும் நடுவில் மட்டும் நடமாடுங்கள். படியேறும்போது எண்பது வயதுக்காரர் மாதிரி ஏறுங்கள். தண்ணீரும் சூப்பும் நிறையக் குடியுங்கள், மதுவைத் தொடாதீர்கள். அதன் பிறகு, இரவு தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாமல் திட்டம் போடுங்கள். பகலில் கணவாய் ஏறி இறங்கலாம், படுக்கை தாழ இருக்க வேண்டும். அசெட்டசோலமைடு என்ற மாத்திரையைப் பலர் போட்டுக்கொள்கிறார்கள். ஊரிலேயே டாக்டரைப் பார்த்துக் கேட்டுத்தான் போட வேண்டும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், இதய நோய் உள்ளவர்கள் அதை மறைக்கக் கூடாது. எனக்கு அந்த மாத்திரையால் விரல் நுனி சுருசுருவென்று இருந்தது, வேறு தொந்தரவு இல்லை.

லேசான தலைவலி, பசியின்மை, தூக்கமின்மை பலருக்கும் வரும். அதற்கு ஓய்வு போதும், ஆனால் அது தீரும்வரை மேலே ஏறக் கூடாது. நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழம்பினாலோ உடனே கீழே இறங்க வேண்டும், மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலையில் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவது உயிருக்கு ஆபத்து. என்னோடு வந்தவர் வயதில் சின்னவர், தினம் ஓடுகிறவர். அவருக்கும் வந்தது. பயணத்துக்கு முன்னால் மருந்துவாழ்மலையில் பையோடு ஏறி இறங்கிப் பழகுங்கள், காலுக்கு நல்லது. அனுமன் கொண்டுவந்த சஞ்சீவி மலையின் துண்டு அது என்பார்கள், அப்படிப் பார்த்தால் அதுவும் இமயம்தான். ஆனால் அதில் எத்தனை தடவை ஏறினாலும் லேயின் உயரத்துக்கு உடம்பு பழகாது.

இரண்டாவது தடவை நான் ரயிலில் போனேன். நேரம் உள்ளவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். கன்னியாகுமரியில் புறப்படும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வாரத்துக்கு ஒரு முறை, ஜம்முவைத் தாண்டி கத்ரா வரை போகிறது. கிட்டத்தட்ட 3,800 கிலோமீட்டர், வண்டியிலேயே மூன்று இரவு. புளிசாதமும் சம்மந்தித் துவையலும் இரண்டாம் நாள் வரைதான் தாங்கும். நான் ஜம்முவில் இறங்கி மலைப்பாதையில் ஸ்ரீநகர் போனேன். இப்போது 2025 ஜூன் முதல் கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ரயிலே ஓடுகிறது. ஸ்ரீநகர் ஏறத்தாழ 1,600 மீட்டர், அங்கே ஓர் இரவு. அப்புறம் சோஜி லா கணவாய் தாண்டி கார்கில், ஏறத்தாழ 2,700 மீட்டர், அங்கே ஓர் இரவு. அதற்கடுத்த நாள் லே. இப்படிப் படிப்படியாக ஏறியதில் லேயில் இறங்கிய அன்று எனக்குப் பசித்தது. அந்தப் பசி வந்ததில் எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது. கடுங்குளிர் காலத்தில் இந்தச் சாலையை நம்ப முடியாது, விமானம்தான் வழி.

எப்போது போவது என்பது என்ன பார்க்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. ஏரி, பறவை, காட்டுக் கழுதை என்றால் ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் வரை. நம் ஊரில் அப்போது சாரல் மழை. தேனீக்களுக்குப் பஞ்ச காலம், சர்க்கரைப் பாகு வைத்துக் காப்பாற்றுகிற மாதங்கள். எனக்கு வேலை குறைவு. லடாக்கிலோ மழை மறைவு. லேயில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வது சுமார் 100 மில்லிமீட்டர்தான். அதை நம் ஐப்பசி ஒரே நாளில் கொட்டிவிடும். பனிச்சிறுத்தை என்றால் ஜனவரி கடைசி முதல் மார்ச் நடு வரை. இணை சேரும் காலம், ஆடுகள் பனிக்குப் பயந்து கீழே இறங்கியிருக்கும், சிறுத்தையும் பின்னாலேயே வரும். ரப்பர் மரம் துளிர்த்துத் தேன் பொங்குவதும் அதே மாதங்களில்தான். தம்பி தலையில் பெட்டிகளைக் கட்டிவிட்டு ஒரே ஒரு வருடம் போனேன். அந்த வருடத்துத் தேன் கணக்கை வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

துணிமணிக்கு நாகர்கோவில் கடைகளில் பணத்தைக் கொட்டாதீர்கள். உள்ளே தெர்மல், நடுவில் கம்பளி, வெளியே காற்றுப் புகாத ஒன்று. கனத்த ஜாக்கெட்டும் பூட்ஸும் லேயில் வாடகைக்குக் கிடைக்கும். குளிரைவிடக் காற்றுதான் பொல்லாதது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் பைக் ஓட்டியவர்களுக்குக் காற்று என்றால் என்னவென்று தெரியும். அந்தக் காற்றில் யாரோ ஐஸ் துண்டைக் கலந்து வீசுவதாக வைத்துக்கொள்ளுங்கள். குளிர் கண்ணாடி கட்டாயம் வேண்டும், பனியில் எதிரொளிக்கும் வெயில் கண்ணைப் புண்ணாக்கும். தேங்காய் எண்ணெய் கொண்டுபோவதானால் வாயகன்ற டப்பாவில் ஊற்றுங்கள். 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், என் பாட்டில் திருப்பி வரும்வரை வெள்ளைக் கல்லாகவே இருந்தது. முந்திரிக்கொத்துப் பலகாரம் நல்ல வழித்துணை, அதில் உள்ள சிறுபயறும் வெல்லமும் உடம்புக்குத் தெம்பு. ஆனால் குளிரில் அது பல்லைப் பதம் பார்க்கும், சட்டைப் பைக்குள் வைத்துச் சூடாக்கிச் சாப்பிடுங்கள். சம்பா அரிசியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். லேயில் தண்ணீர் ஏறத்தாழ 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் அந்த அரிசி விடிய விடிய வேகாது. ப்ரீபெய்டு சிம் அங்கே எடுக்காது, போஸ்ட்பெய்டு வேண்டும். கேமரா பேட்டரியை இரவில் கம்பளிக்குள் உங்களோடு தூங்க வையுங்கள், வெளியே வைத்தால் காலையில் செத்துக் கிடக்கும்.

ஏரிகளுக்குப் போக வண்டி வேண்டும். லேயில் டாக்ஸி சங்கம் இடத்துக்கு இவ்வளவு என்று பட்டியல் வைத்திருக்கிறது. பேரம் பேசுவதைவிட, நான்கு பேராகச் சேர்ந்து பங்கு போடுவது லாபம். நான் சொல்வது த்ஸோ கர். தங்லங் லா கணவாய் வழியாகப் போக வேண்டும், ஏரி 4,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. லேயில் நாலைந்து நாள் தங்காமல் அங்கே இரவு படுக்கத் திட்டமிடாதீர்கள். உப்பு ஏரி. சாங்பா இடையர்கள் முன்பு இங்கே உப்பு வாரினார்கள். கரை வெள்ளையாக நம் சாமித்தோப்பு உப்பளம் மாதிரியே இருக்கும், பின்னால் மட்டும் பனிமலை. பக்கத்தில் ஸ்டார்ட்ஸபுக் த்ஸோ என்ற சின்ன நன்னீர் ஏரி உண்டு. பறவைக்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். கருங்கழுத்துக் கொக்கு ஜோடி அங்கே மேயும். வயலில் நிற்கிற நம் கொக்கை நினைக்காதீர்கள், இது மனிதனின் நெஞ்சுயரம் வரும். 2021இல் லடாக் இதைத் தன் பறவையாகவும் பனிச்சிறுத்தையைத் தன் விலங்காகவும் அறிவித்தது.

வரித்தலை வாத்தை நான் அங்கேதான் மறுபடி பார்த்தேன். ஜூலை நடு. சேற்றுத் திட்டில் பெரிய வாத்துகள் நடக்க, பின்னால் மஞ்சளும் சாம்பலுமாகப் பஞ்சு உருண்டைகள் வரிசையாக வந்தன. தூரத்தில் ஒரு நாய் தலையைக் காட்டியதும் எல்லாம் ஒரே ஓட்டமாகத் தண்ணீருக்குள் விழுந்தன. ஒன்றுகூடப் பறக்கவில்லை. எனக்குக் குழப்பம். ஓட்டுநர்தான் கையை மடக்கி, விரலால் சிறகைப் பிய்ப்பது போலக் காட்டினார். இறகு உதிர்க்கும் காலம். சிறகின் பெரிய இறகுகளை ஒரே மூச்சில் உதிர்த்துவிட்டு, புதிது முளைக்கும்வரை அவை தரையிலும் தண்ணீரிலும்தான். இமயத்தைத் தாண்டுகிற பறவை அந்த வாரங்களில் ஒரு நாய்க்குப் பயந்து ஓடுகிறது. அதனால் கரைக்கு அருகே வண்டியை விடாதீர்கள், குஞ்சுகள் இருக்கும் திட்டை நோக்கி நடக்காதீர்கள். மிச்சச் சோற்றையும் எலும்பையும் வெளியே கொட்டாதீர்கள், அது நாய்களைத்தான் பெருக்கும், நாய்கள் முட்டையைத் தின்னும்.

கியாங் என்கிற காட்டுக் கழுதை அங்கே கூட்டமாக மேயும். செம்மண் முதுகு, வெள்ளை வயிறு. வண்டிக்கு இணையாக ஓடும் பழக்கம் அதற்கு உண்டு. ஓட்டுநர் உற்சாகத்தில் தடத்தை விட்டு இறக்கித் துரத்தினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த உயரத்தில் ஒரு புல் முளைப்பதே பெரிய பாடு, டயர் தடம் பல வருடம் மாறாது. மார்மட் என்ற கொழுத்த அணில் சாதிக்குப் பிஸ்கட் போடுகிறவர்களை வழியெல்லாம் பார்ப்பீர்கள். நீங்கள் போடாதீர்கள்.

இனி பனிச்சிறுத்தை. 2024இல் வெளியான கணக்குப்படி இந்தியாவில் 718, அதில் லடாக்கில் மட்டும் 477. நான் போனது ஹெமிஸ் தேசியப் பூங்காவில் உள்ள ரும்பக் கிராமத்துக்கு. இந்தியாவின் மிகப் பெரிய தேசியப் பூங்கா அது. லேயிலிருந்து சிந்து நதியைத் தாண்டி ஜிங்சென் வரை வண்டி, அதற்கு மேல் நான் நடந்தேன். ஊர் ஏறத்தாழ 4,000 மீட்டரில் இருக்கிறது. சில வீடுகள், எல்லா வீட்டிலும் விருந்தினருக்கு ஓர் அறை. வீட்டில் தங்குங்கள், கூடாரம் வேண்டாம். ஆட்டைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போனால் இழப்பு அந்த வீட்டுக்காரருக்கு. உங்கள் வாடகை அவர்கள் கைக்குப் போனால்தான் சிறுத்தைக்கும் அங்கே இடம். இரவு மைனஸ் 20 வரை இறங்கும். நடு அறையில் சாணி எரிகிற அடுப்பு, அதைச் சுற்றித்தான் வாழ்க்கை. கழிப்பறை மாடியில் ஒரு துவாரம். மண்ணைத் தள்ளி மூட வேண்டும், தண்ணீர் கிடையாது. முதல் நாள் சங்கடம், மூன்றாம் நாள் அதன் அருமை புரியும்.

எப்படிப் பார்ப்பது? நடந்து தேடினால் கிடைக்காது. உள்ளூர் ஆள் ஒருவர், முக்காலியோடு ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற தொலைநோக்கி, உட்காரப் பாய். விடியும் முன் ஒரு மேட்டில் உட்கார்ந்துவிட வேண்டும். எதிர்ச் சரிவை மேலிருந்து கீழாக, துண்டு துண்டாகக் கண்ணால் கூட்ட வேண்டும். மலை முகட்டின் விளிம்பு, பாறை நிழல், அதன் கீழ்த் திட்டு. முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து. தேனீப்பெட்டியைத் திறந்து ராணியைத் தேடுகிற மாதிரிதான் இது, அவசரப்பட்ட கண்ணுக்கு எல்லா ஈயும் ஒன்று. சிறுத்தையைத் தேடாமல் பரல் என்கிற நீல ஆட்டைக் கவனியுங்கள். நம் வரையாட்டுக்குத் தூரத்துச் சொந்தம் போல, செங்குத்துப் பாறையில் சாவகாசமாக மேயும். மேய்ச்சலை நிறுத்தி எல்லா ஆடும் ஒரே திசையில் பார்த்து நின்றால், அந்தத் திசையில்தான் விஷயம். காக்கையும் மாக்பை என்ற பறவையும் ஓரிடத்தில் இறங்கி ஏறினால் அங்கே இரை கிடக்கிறது. பெரிய ஆட்டை அடித்தால் சிறுத்தை சில நாள் அதை விட்டு அகலாது.

நான்கு நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. தாடிக் கழுகு எலும்பைத் தூக்கிப்போய்ப் பாறையில் போட்டு உடைத்ததைப் பார்த்தேன், அதுவே போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஐந்தாம் நாள் காலை ஏழரைக்கு, கூட வந்த உள்ளூர் அச்சோ-லே ஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே கையை மட்டும் ஆட்டினார். குனிந்து பார்த்தேன். பாறை. “எங்கே?” மறுபடி பாறை. ஒரு நிமிடம் போயிருக்கும். பாறையிலிருந்து ஒரு வால் இறங்கியது. உடம்பு நீளத்துக்குக் கிட்டத்தட்ட வரும் அந்த வால், மரநாயின் வால் மாதிரி புசுபுசுவென்று, நுனி மட்டும் ஒரு தரம் மடங்கி நிமிர்ந்தது. அப்புறம்தான் வாலுக்கு மேலே முதுகு தெரிந்தது, முதுகுக்கு மேலே காது. ஒரு கிலோமீட்டராவது தூரம் இருக்கும். மூன்று மணி நேரம் அது தூங்கியது, நாங்கள் விறைத்தோம். பிறகு எழுந்து, வீட்டுப் பூனை போல முன்காலை நீட்டிச் சோம்பல் முறித்து, நான்கு எட்டு வைத்தது. ஐந்தாவது எட்டில் காணவில்லை. மறைவதற்கு அங்கே எதுவும் இருந்த மாதிரித் தெரியவில்லை, பாறை அதை அப்படியே உள்ளே வாங்கிக்கொண்டது. கிட்டே போகலாமா என்று ஒருவர் கேட்டார். அது இரை அடித்து வைத்திருந்தால், நாம் போனதும் அதை விட்டுவிடும், அந்தக் குளிரில் இன்னொரு ஆட்டை அடிப்பது சின்ன வேலை இல்லை. போட்டோ புள்ளியாகத்தான் வரும் என்பதை ஊரிலேயே ஒப்புக்கொண்டு கிளம்புங்கள்.

தங்கும் வீட்டுக்கு ஏதாவது கொண்டுபோக நினைத்தால் நம் ஊர்ச் சரக்கு எடுத்துப் போங்கள். நான் ஒரு பாட்டில் ரப்பர் தேன் கொண்டுபோனேன். ரப்பர் தேன் சீக்கிரம் உறையும், ரும்பக் போய்ச் சேர்ந்தபோது வெண்ணெய்க் கட்டி போல இருந்தது. அமா-லே கரண்டியால் குத்திப் பார்த்து, நெய்யா என்று கேட்டார். அடுப்புப் பக்கத்தில் வைத்ததும் மெல்ல இளகியது. எந்தப் பூவின் தேன் என்று மகன் மூலமாக அடுத்த கேள்வி. பூவில் எடுத்தது இல்லை, ரப்பர் மரத்தின் இளம் இலைக் காம்பில் ஊறுவது என்றேன். அது எப்படிப்பட்ட மரம் என்றார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், வாசலில் கழற்றி வைத்திருந்த என் பூட்ஸைத் திருப்பி அடியைக் காட்டினேன். அவர் பூட்ஸின் அடியைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். மகன் விளக்கிச் சொல்லி அவரைச் சாப்பிட வைக்கப் பத்து நிமிடம் ஆனது.